கோடி வேட்டிக்குள் வந்த பெட்டி

சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள், ஒரு நாள் ஊரே பார்க்கும்படி எதையாவது செய்து வைப்பார்கள். நான் அந்த ரகம். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் நிற்கவில்லை.

என் மருமகள் செல்வி, ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடியே திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் எங்கோ வாடகைக்கு எடுத்த கிளவுடு சர்வரில் இருக்குமாம். அது நின்றால் இவள்தான் ஓட வைக்க வேண்டும்.

"கண்டவங்களும் உள்ள போயிடக் கூடாதுல்ல அத்தை. அதான் நம்ம லைனுக்கு மட்டும் மாறாத அட்ரஸா, ஸ்டேட்டிக் ஐ.பி.ன்னு சொல்லி வாங்கியிருக்கோம். இந்த அட்ரஸ்லேருந்து போனாத்தான் சர்வர் கதவத் தொறக்கும்" என்று, பச்சை விளக்கு மின்னும் பெட்டியைக் காட்டினாள். நான் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன். (எனக்கு நன்றாக வரும் வேலை அது.)

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூலாம்பாடியில் செல்வியின் அப்பா இறந்துபோனார். அவளும் என் மகன் குமாரும் விடிந்ததுமே பைக்கில் போய்விட்டார்கள். நான் மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பிணத்துக்குப் போர்த்தும் கோடி வேட்டியோடு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது செல்வி போன் செய்தாள். பின்னால் ஒப்பாரி கேட்டது.

"அத்தை, சர்வர் நின்னுபோச்சு. நம்ம வூட்டு அட்ரஸ்லேருந்துதான் உள்ள போவணும். இன்னிக்கு விட்டா வேலையே போயிடும். பொட்டில பச்ச லைட்டு எரியுதா?"

"எரியுதும்மா."

போன் அறுந்துவிட்டது. இழவு வீட்டுக்குத் திரும்பப் போட்டுச் சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ரேஷன் கார்டை எந்த ஊருக்கு எடுத்துப்போனாலும் அதில் நம் முகவரிதானே இருக்கிறது என்று யோசித்தேன். பெட்டியையே அவளிடம் கொண்டுபோய்விடலாம் என்று வயர்களைக் கழற்றினேன். பச்சை விளக்கு அணைந்தது. டார்ச் லைட்டையும் அணைத்துத்தானே பையில் வைக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடிபடாமல் இருக்கக் கோடி வேட்டியைப் பிரித்துப் பெட்டியைச் சுற்றினேன். அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் என்று மாறி, பையைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்குள் செல்வியின் பெரியப்பா பையை வாங்கிவிட்டார்.

"சம்பந்தி வூட்டுக் கோடி வந்துடுச்சு, நவுருங்க."

"கொஞ்சம் இருங்க" என்றேன். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் வேட்டியைப் பிணத்தின் மேல் உதறினார். பெட்டி சம்பந்தியின் நெஞ்சில் விழுந்து, அதன் ஏரியல் கொம்பு ரோஜா மாலையில் மாட்டிக்கொண்டது. ஒப்பாரி நின்றது. பறையும் நின்றது.

"என்னாங்க இது, ரேடியோவா? போற வழியில பாட்டு கேக்கவா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அழுது சிவந்த கண்ணோடு செல்வி வந்தாள்.

"இத ஏன் அத்தை கழட்டுனீங்க?"

"நீ உள்ள போவணும்னியே. அட்ரஸக் கையோட கொண்டாந்துட்டேன்."

"அட்ரஸ் பொட்டிக்குள்ள இல்ல அத்தை. அது நம்ம வூட்டு லைன்ல இருக்கு. இங்கேருந்து நம்ம வூட்டு கம்ப்யூட்டர் வழியாத்தான் போவலாம்னு இருந்தேன். அதுக்கு இது அங்க இருந்திருக்கணும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. குமார் பெட்டியைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப பைக் எடுக்கப் போனான். அந்த இடைவெளியில் செல்வியின் பெரியம்மா ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள்.

"பொணத்து மேல வுழுந்த சாமான். தீட்டோட வூட்டுக்குப் போவக் கூடாது" என்று சொல்லி, மொத்தத்தையும் பெட்டியின் மேல் கவிழ்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியின் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் வடிவதைச் செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள்.

குமார் ஈரப் பெட்டியோடு ஜெயங்கொண்டம் போனான். அது எரியவில்லை. வேறு பெட்டி கிடைத்து மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்தது. மருமகன் தோள் கொடுக்காமலே மாமனார் காட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்காரர்கள் செல்வியின் அப்பா போனதற்கு வருத்தம் சொன்னார்கள். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப்பின் சமையலறையில் நானும் அவளும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். அவள் அரியலூரில் ஒரு கடையில் கணக்கெழுதச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறாள்.

வருஷத் திதிக்குப் பூலாம்பாடியில் எல்லோரும் கூடியபோது, பெரியம்மா அந்தக் கதையை எடுத்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள்.

"மேல போயி எங்கப்பா வெலாசம் இல்லாம நிக்கக் கூடாதுன்னு, மாறாத அட்ரஸா கொண்டாந்து நெஞ்சுல வெச்சாங்க எங்க அத்தை. இது வேற யாரு அப்பாவுக்குக் கெடைக்கும்?"

பந்தி மொத்தமும் சிரித்தது. அவளும் சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இப்போது விசேஷம் தவறாமல் அந்தக் கதையை அவளே சொல்கிறாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்லி முடித்ததும் கேட்காமலே என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். நானும் வேண்டாம் என்பதில்லை.