டப்பா பாயின் வெந்தயம்

எந்தப் பொருளையும் இரண்டாவது முறை செய்யக் கூடாது என்று வைராக்கியத்தோடு வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் டப்பா பாய்தான். முதல் முறை செய்வதற்கே ரொம்ப யோசிப்பார் என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்தது. ஐந்து பேர், ஒரு மேனேஜர், எந்நேரமும் உர வாசனை. லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வெப் பக்கம் செய்து தரும் வேலை. அவர்களுடைய பன்னிரண்டு கிளைகளிலும் பாஸ்வேர்டை மாற்றினார்களா, கம்ப்யூட்டரைப் பூட்டினார்களா, பாதுகாப்பு விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று திரையில் காட்ட வேண்டும். கிளைக்கு ஒரு கட்டம். ஒழுங்கு என்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

வேறு யாராக இருந்தாலும் பன்னிரண்டு கட்டம் எழுதியிருப்பார்கள். பாய் ஒன்றுதான் எழுதினார். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பஜாரில் மளிகைக் கடை. அத்தா படுத்த படுக்கையானதிலிருந்து காலையும் மாலையும் பாய்தான் அங்கே பொட்டலம் மடிப்பார். "டப்பா ஒண்ணுதான் நைனா. லேபிள மாத்திக்கினே போ. பருப்புன்னா பருப்பு, உப்புன்னா உப்பு" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கொள்கை கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. ஆபீசுக்கென்று ஒரே ஒரு லீவு லெட்டர் எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். ஒரு நாள் அவசரத்தில் நானும் என் பெயரை நிரப்பி நீட்டிவிட்டேன். நாங்கள் சாலவாக்கத்தில் நெல் பயிரிட்டு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். மேனேஜர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "உங்க பெரியம்மா பையனுக்கு நிக்காவா?" என்றார்.

"லீவு குடுத்துடுங்க சார், நானே இட்டுக்கினு போறேன்" என்றார் பாய். கொடுத்தார்; போனேன்; பிரியாணி பிரமாதம்.

அவர்கள் கடையில் காலியான டப்பாவைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். சரக்கு இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பாய் திரையிலும் அதையே செய்தார். தகவல் வராத கிளையின் கட்டம், எழுத்து உட்பட, தலைகீழாக நிற்கும். மூன்று கிளைகளிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மூன்று கட்டங்கள் வௌவால் மாதிரி தொங்கின.

"காலியா இருந்தா பச்சை போட்டுத் தொலையேன்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

"காலி டப்பாவ நிமித்தி வச்சா, சரக்கு கீதுன்னு நம்பி வருவாங்க சார். அந்தப் பாவம் நமக்கு இன்னாத்துக்கு?"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லண்டன் கம்பெனியின் அதிகாரி அம்மாள் போனில் பேசிக்கொண்டே பக்கத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடிக்காவிட்டால் ஆபீசைச் சென்னைக்குத் தூக்கிவிடுவார்கள். நாங்களெல்லாம் பின்னாலேயே போய்விடலாம். அத்தாவையும் கடையையும் விட்டுவிட்டு பாயால் பக்கத்திலிருக்கும் திருமுக்கூடலைக்கூடத் தாண்ட முடியாது. வேலை போனால் போனதுதான். அது தெரிந்தும் மனிதர் அசையவில்லை.

அன்று மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த மூணையும் நிமித்திடு. பாய்க்கும் அதுதான் நல்லது." எனக்கும் நல்லதாகவே பட்டது. திறந்து பார்த்தால் கோப்புகளின் பெயரெல்லாம் மளிகைச் சாமான். காபித்தூள் என்று எழுதிய டப்பாவில் ரவை இருக்குமே நம் வீடுகளில், அதே கதை. 'சர்க்கரை'க்குள் சிவப்பு, 'உப்பு'க்குள் பச்சை. கவிழ்க்கிற சமாசாரத்தை யாரும் சீண்டாத 'வெந்தய'த்தில்தான் வைத்திருப்பார் என்று என் புத்தி சொன்னது. படித்துப் பார்க்காமலே அதை முடக்கினேன். சரிபார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

மூன்று மணிக்குக் கரண்டும் வந்தது, லண்டனும் வந்தது. பன்னிரண்டு கட்டமும் தலைகீழ்.

"எங்கள் கம்பெனி இன்னும் இருக்கிறதா?" என்று அந்த அம்மாள் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

கடையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு அப்போதுதான் பாய் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததுமே, "வெந்தயத்துல எவன்டா கை வச்சது?" என்றார்.

இரண்டே நிமிடம். ஒன்பது கட்டங்கள் நிமிர்ந்தன. மூன்று கவிழ்ந்தே இருந்தன. மேனேஜர் அவசரமாக, "சின்னக் கோளாறு மேடம்" என்றார். பாய் போனிடம் குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கோளாறு ஒன்றுமில்லை, அந்த மூன்று கிளையிலிருந்தும் எதுவும் வரவில்லை, வராததை வந்ததாகக் காட்ட என்னால் ஆகாது என்றார்.

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. கடைசியில் அந்த அம்மாள் பேசினார். அந்த மூன்று கிளைக்காரர்களும் எல்லாம் சரி, எல்லாம் சரி என்றுதான் தனக்கு இத்தனை நாளும் சொல்லி வந்தார்களாம். ஆபீஸ் அங்கேயே இருக்கட்டும். கட்டத்தை மட்டும் தலைகீழாக்காமல் சாம்பல் நிறமாக்குங்கள், கழுத்து வலிக்கிறது என்றார். சாம்பலுக்கு பாய் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது.

அன்று சாயங்காலமே, கை வைத்தது நான்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றால், மனிதர் டீயை என் பக்கம் தள்ளினார். "எல்லாத் தகவலும் அந்த வெந்தயம் வயியாத்தான் நைனா வருது. எங்கம்மா முந்திரிய வெந்தய டப்பாவுலதான் ஒளிச்சி வைப்பாங்க. வெந்தயம்னு எய்திக்கீதுன்னா ஒரு புள்ளையும் தொறக்காது. நீ ஒருத்தன்தான் தொறந்துகீற."

நான் இப்போது சென்னையில். பாய் கடையோடு இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது கூப்பிடுவார். "யாருங்க இது, போன்ல வெந்தயம்னு வருது?" என்று மனைவி கேட்பாள். மளிகைக் கடைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொள்வேன்.

உள்ளே இருப்பது முந்திரி என்று எனக்குத் தெரியும்.