மற்றும் பலரும் ஒரு சின்ன லேசர் பிரிண்டரும்

குமாசி,
ஞாயிற்றுக்கிழமை

ஹாம்பர்க் நகரில் வசிப்பதன் மூலமாகவே நம் குடும்பத்துக்குப் பெருமை சேர்த்துவரும் அன்புத் தம்பி எர்னெஸ்டுக்கு, அப்படி எந்தப் பெருமையும் சேர்க்காமல் பிறந்த ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் ஐசக் சார்போங் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி போக்குவாவும் நலம். அங்கே நீயும் உன் மனைவி மக்களும், ஒரு நாளும் நிற்காத உங்கள் மின்சாரமும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று என்சியா மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை, குடும்ப வாட்ஸாப் குழுவில் "பிரிண்டர் எப்படி ஓடுது அண்ணே?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு கட்டைவிரலையும் நிறுத்தியிருந்தாய். கட்டைவிரலுக்குக் கட்டைவிரலால் பதில் சொல்லும் நாகரிகம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் இந்தக் கடிதம். கையால்தான் எழுதுகிறேன். பிரிண்டர் வாங்கிய மனிதன் ஏன் கையால் எழுதுகிறான் என்று போகப்போகத் தெரியும்.

வீட்டில் லேசான உபயோகத்துக்குச் சின்ன லேசர் பிரிண்டர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நீ எனக்கு அனுப்பிய உபதேசத்தை நான் நான்கு முறை படித்தேன். முதலில் அலமாரியை அள, தாள் தட்டு வெளியே நீளும், அதற்கும் இடம் விடு என்றாய். அளந்தேன். மாதத்துக்கு எத்தனை பக்கம் என்று நேர்மையாகக் கணக்குப் போடு என்றாய். போட்டேன், இருபது. மை ஊற்றும் பிரிண்டர் வேண்டாம், எப்போதாவது அச்சடிப்பவனுக்கு அது காய்ந்துபோகும் என்றாய். ஹர்மட்டான் வறட்டுக் காற்றில் மனிதனின் உதடே காய்ந்து வெடிக்கிறது, மை எம்மாத்திரம், அதையும் ஒப்புக்கொண்டேன். இயந்திரத்தோடு வரும் டோனரில் தூள் பாதிதான் இருக்கும் என்றும் எழுதியிருந்தாய். அதை மட்டும் நம்பவில்லை. இவ்வளவு கருமியான கம்பெனி உலகத்தில் இருக்காது என்று நினைத்தேன். கல்வித்துறையில் இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

எதற்காக எனக்குப் பிரிண்டர் என்று மட்டும் நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால், கல்வித்துறைக்கு மனு எழுத என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. மூன்று முறை என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் நாற்காலியில் யார் யாரையோ உட்காரவைத்தவர்களுக்கு வாரம் ஒரு மனு போய்க்கொண்டுதான் இருக்கிறது. மீதிப் பாதி, நம் அம்மாவின் மரண அறிவிப்பு. பிள்ளைகள் என்ற தலைப்பின் கீழ் முதலில் எர்னெஸ்ட், அடைப்புக்குறிக்குள் ஹாம்பர்க். அடுத்து நம் தங்கை கிரேஸ், அடைப்புக்குறிக்குள் மிலான். அதற்குக் கீழே, "மற்றும் பலர்". அம்மாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். ஆக, அந்தப் பலர் நான் ஒருவன்தான். ஆறு வருடம் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே விடைத்தாள் திருத்திய மூத்த மகன், மற்றும் பலர். அச்சகம் வைத்திருக்கும் நம் சித்தி மகள் தாவியாவிடம் போய்க் கேட்டேன். "இடம் இல்லேண்ணே. வெளிநாட்டுப் பேரை விட்டுற முடியுமா? ஏன் கோவிச்சுக்கிறீங்க? ஒரு ஆளுக்குப் பலர்னு போட்டிருக்கேன், அது மரியாதைதானே?" என்றாள். அந்த அறிவிப்பு லாரி நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் இன்னும் இருக்கிறது. இரண்டு மழைக்காலம் போயும் உரியவில்லை. நல்ல பசை போடுவாள் தாவியா. தினமும் பள்ளிக்கு நான் அந்த வழியாகத்தான் போகிறேன்.

அன்று முடிவு செய்தேன், இந்தக் குடும்பத்தில் அடுத்த சாவுக்கு அச்சு என் கையில் இருக்க வேண்டும். நகர நடுவிலுள்ள அடும் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர், "வீட்டுக்கா, ஆபீஸுக்கா சார்?" என்றார். "வீட்டுக்கு. லேசான உபயோகம்." "வீட்டுல எத்தனை பேரு?" "நானும் மனைவியும்." "வீட்டுல இல்ல சார், குடும்பத்துல?" "எண்ணிப் பார்த்ததில்லை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப அது லேசான உபயோகம் இல்லியே சார்" என்றார். உனக்குத் தெரியாத ஒன்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கேட்கவில்லை. இருப்பதிலேயே சின்னதாக, நகல் எடுக்கும் மூடிகூட இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். மூடி இருந்தால் நம் ஜனங்கள் பிறப்புச் சான்றிதழோடு வாசலில் வரிசை கட்டுவார்கள் அல்லவா? வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறையில் வைத்து, மேலே போக்குவாவின் பழைய மேசைவிரிப்பைப் போட்டு மூடினேன். பார்க்க வந்த தச்சிவா சித்தி, "ரொட்டிப் பெட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். ரொட்டி கேட்டாள். இல்லை என்றேன். இன்றுவரை அதற்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை.

பிறகு மாமா போனார். எண்பத்தொன்பது வயது. குடும்பம் ஒரு முடிவுக்கு வருவதற்காக இரண்டு மாதம் குளிர்ப்பெட்டியில் பொறுமையாகப் படுத்திருந்தார். உயிரோடு இருந்தபோது அவர் யாருக்காகவும் இரண்டு நிமிடம் காத்திருந்ததில்லை. குடும்பக் கூட்டத்தில் தாவியா அச்சுக்கூலிச் சீட்டை நீட்டும் நேரம் பார்த்து நான் எழுந்து, "அடக்கத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நிகழ்ச்சித்தாளை நானே என் வீட்டில் அச்சடிக்கிறேன்" என்றேன். குடும்பத் தலைவர் ஜாம்ஃபி மாமா, "கலர் வருமாடா வாத்தியார்?" என்றார். "கறுப்பு வெள்ளைதான். நிறைஞ்ச வயசுச் சாவு, நாம எல்லாரும் கறுப்பு வெள்ளைத் துணிதானே உடுத்தப் போறோம்?" என்றேன். கூட்டம் தலையாட்டியது. தாவியாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எர்னெஸ்ட், என் வாழ்க்கையில் அதுதான் நல்ல நாள். அது மாலை ஐந்து மணிவரை நீடித்தது.

ஐந்து மணிக்குப் பெயர்கள் வரத் தொடங்கின. ஒரே ஒரு தாள், நடுவில் மடித்தால் நான்கு பக்கம், மொத்தம் முந்நூறு பிரதி. பெயர்களுக்குக் கடைசிப் பக்கம். மருமக்கள் என்ற தலைப்பின் கீழ் முதலில் ஐசக் சார்போங், குமாசி என்று அடித்துவிட்டு நிமிர்ந்தால் வீட்டுக்குள் இருபது பேர். தச்சிவா சித்தி தன் பேரன் பெயருக்குப் பக்கத்தில் டொரோண்டோ என்று போடச் சொன்னாள். "அவன் நம்ம தெருவுலதானே சித்தி பஞ்சர் ஒட்டுறான்?" என்றேன். "விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கான். தாள் ஊருக்குள்ள போய்ச் சேர்றதுக்குள்ள வந்துரும். நீ ரொட்டியும் தர மாட்டே, டொரோண்டோவும் தர மாட்டியா?" தந்தேன். ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். ஊர் என்ன போடுவது என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் பக்கம் நிரம்பி ஒரே ஒரு பெயர் வெளியே நின்றது. இன்னொரு தாள் சேர்த்தால் இன்னொரு முந்நூறு தாள், இன்னொரு டோனர். ஜாம்ஃபி மாமா நாற்காலியை என் தோளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "யாரை எடுக்கப் போறே?" என்றார்.

"எர்னெஸ்டை எடுக்கலாம். அவன் வரப்போறதில்ல" என்றேன். ஒளிப்பானேன்? இந்தப் பெட்டியை வாங்கியதே அதற்குத்தான். "ஹாம்பர்க் இல்லாம ஒரு தாளா?" என்று தச்சிவா சித்தி மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊரு என்ன நினைக்கும்? என்சியா அண்ணன் அநாதைன்னு நினைக்கும்!" ஜாம்ஃபி மாமா கணினித் திரையில் விரலை வைத்தார். மேலிருந்து முதல் பெயரில். "இதை எடு. அச்சடிச்சவன் நீதான்னு ஊருக்கே தெரியும். அப்புறம் உனக்கு எதுக்குப் பேரு? ஃபுஃபு இடிச்சவ தன் பேரை அந்தக் களி உருண்டையிலயா எழுதி வைக்கிறா?" எல்லோரும் சிரித்தார்கள். போக்குவாகூடச் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் கையாலேயே என் பெயரை எடுத்துவிட்டு, கடைசி வரியில் மற்றும் பலர் என்று அடித்தேன். இரண்டு வருடம் திட்டமிட்டு, அலமாரி அளந்து, உன் உபதேசத்தை நான்கு முறை படித்து, நான் போய்ச் சேர்ந்த இடம் அது.

அச்சடித்த கதையையும் கேள். ஒவ்வொரு முறை பெட்டி சூடேறும்போதும் எங்கள் வரிசையில் எல்லா வீட்டு விளக்கும் மங்கி எரிந்தது. பக்கத்து வீட்டு டி.வி. சரியாகப் பெனால்டி உதைக்கும்போது அணைய, "வாத்தியாரே, நீங்க பிரசங்கமா அடிக்கிறீங்க, பைபிளா?" என்று சுவருக்கு மேலிருந்து கேட்டார்கள். நூற்று எண்பதாவது பிரதியில், முதல் பக்கப் படத்தில் இருந்த மாமா மங்கத் தொடங்கினார். இருநூறில் மீசை போயிற்று. டோனரைக் கழற்றிக் குலுக்கினால் கொஞ்சம் வரும் என்று நீதான் எழுதியிருந்தாய். சித்திமார் வாங்கிக் கையோடு கை மாற்றி, துதிப்பாட்டுக்குத் தாளம் போட்டபடி குலுக்கினார்கள். மீசை திரும்பி வந்தது, முப்பது பிரதி இருந்தது, மறுபடி போயிற்று. கடைசி ஐம்பது பிரதிகளில் மாமா ஏற்கெனவே மோட்சம் போய்விட்டார். அவற்றைப் பின்வரிசைக்குக் கொடுத்தோம். உன் பெயரும் ஊரும் மட்டும் முந்நூறிலும் திருத்தமாக வந்தன. நீ வராத குறையே தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆகவே தம்பி, அந்தப் பெட்டியை நாளைக்கே தாவியாவிடம் தள்ளிவிடுவதாக இருக்கிறேன். இனி என் வீட்டில் ரொட்டிப் பெட்டி என்றால் அதில் ரொட்டி இருக்கும். யார் பெயர் எங்கே வந்தால் எனக்கென்ன? அந்த ஆசையெல்லாம் அடங்கிவிட்டது. உன் பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் மனைவிக்கு மரியாதை. ஆண்டவர் உன் ஆயுளையும், உன் அடைப்புக்குறியையும் நீடிப்பாராக.

இப்படிக்கு,
மற்றும் பலர்

பி.கு.: முந்நூறு பிரதி என்று மேலே எழுதியது தப்பு. முந்நூற்று ஒன்று. எல்லோரும் போன பிறகு டோனரை நான் தனியாக ஒரு முறை குலுக்கினேன். அந்தப் பிரதியில் மருமக்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே பெயர்தான், அதற்குக் கீழே மற்றும் பலர். உனக்கு அங்கே நல்ல இடம் கொடுத்திருக்கிறேன், கிரேஸுக்குப் பக்கத்தில். மாமாவின் முகம் சுத்தமாகத் தெரியவில்லை. என் பெயர் தெரிகிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். தாவியாவிடம் பெட்டியைத் தள்ளுவதாக எழுதியதை நம்பாதே. முழு டோனர் ஒன்று வாங்கி அனுப்பு. இனி மாதத்துக்கு இப்படி ஒரு பக்கம்தான். லேசான வீட்டு உபயோகம்.