பூனை ஓட்டை போட்ட கதவு

தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஹேலி ஆக்ராய்ட் ஒரு தொட்டியில் எதையோ போடப் போனாள். இதுவரை எடுத்துத்தான் பழக்கம்.

பீச் க்ரோவ் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில், இடித்த குப்பையைப் போட லாரி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன மஞ்சள் இரும்புத் தொட்டி நின்றது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் எந்தத் தெருவுக்கு எப்போது தொட்டி வரும், அதில் என்ன மரம் விழும் என்று ஹேலிக்குத் தெரிந்த அளவுக்கு அதை வாடகைக்கு விடுகிறவனுக்கே தெரியாது.

சனிக்கிழமை மதியம். வேலையாட்கள் கிடையாது. சிணுசிணுவென்று தூறல். அவளுடைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உளுத்துப்போன தரைப்பலகைகள் எட்டு. இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். முதல் பலகையைத் தூக்கித் தொட்டி விளிம்பில் சாய்த்தாள்.

தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எழுந்தது.

எழுபது வயது இருக்கும். கம்பளிச் சட்டை, கழுத்தில் டை. இரண்டு கையாலும் ஒரு நீலக்கதவைக் கட்டிப்பிடித்திருந்தார். கதவின் அடியில் பூனை நுழைய ஒரு ஓட்டை.

அந்த ஊரில் அடுத்தவர் தொட்டியிலிருந்து கேட்டு எடுப்பது மரியாதை. கேட்காமல் எடுப்பது கொஞ்சம் அசிங்கம். கேட்காமல் போடுவது கொலைக்கு அடுத்தபடி.

"எடுத்துக்கறியா கண்ணு? தாராளமா எடுத்துக்க!" என்றார் அவர் ஒரே மூச்சில்.

பலகை விளிம்பில் இருந்தது. ஹேலியின் கை பலகையில் இருந்தது. அது உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று பலகையைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

"அது... உங்களைக் கேட்டுட்டு எடுக்கலாம்னுதான்..."

"இதுல கேக்க என்ன இருக்கு! இந்தா, இந்தக் கதவையும் வெச்சுக்க. நல்ல பைன் மரம்."

"ஐயோ, கதவெல்லாம் எதுக்குங்க?"

"கூச்சப்படாத கண்ணு. எனக்கு இது வேண்டவே வேண்டாம். நீ வண்டியைப் பிடி, நான் ஏத்தி விடறேன்."

ஏற்றியும் விட்டார். அவளுடைய பலகைகள் எட்டு, அதன்மேல் கதவு, கதவின்மேல் இரண்டு அலமாரித் தட்டு. கட்டுவதற்குத் தன் பையிலிருந்தே கயிறு கொடுத்தார். ஹேலி மூன்று தடவை நன்றி சொன்னாள். மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது நான்காவது தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத்தில் பதினேழாம் துண்டு ஹேலியுடையது. அதற்காக நான்கு வருஷம் வரிசையில் காத்திருந்தாள். ஆக்ராய்ட் பரம்பரையில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். முதன்முதலாக ஒரு சாண் மண்ணைத் தன் பெயரில் வைத்திருந்தவளும் அவளேதான், வாடகை மண்ணாக இருந்தாலும். பட்டம் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது, தொலைபேசியில் அடுத்தவர் புகாரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலை. அந்த வேலை முடிந்து வெளியே வந்து அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் மண்வெட்டியால் கொத்தக்கூடிய ஒரே இடம் அந்தத் துண்டு.

சாவி கைக்கு வந்தபோது துண்டு மொட்டைத்தலை மாதிரி சுத்தமாக இருந்தது. "உனக்கு முன்னாடி இருந்தவர் விதிகளை மதிக்கலை. அதான் அனுப்பிட்டோம்" என்று மட்டும் சொன்னார் தோட்டச் சங்கச் செயலாளர் மிஸஸ் கிராப்ட்ரீ. ஹேலி மதிப்பேன் என்றாள். மதித்தாள், ஒன்றரை மாதம்.

பிறகு ஒரு தொட்டியில் நல்ல தேக்குச் சட்டம் ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். தூக்கிப் போட்டவன்மேல் வந்த கோபத்தில் அதை எடுத்துவந்தாள். ஹேலியிடம் மரம் சேர்ந்ததெல்லாம் இப்படித்தான்: தேவைக்கு எடுத்தது பத்து, ஆத்திரத்தில் எடுத்தது தொண்ணூறு. அக்டோபர் வருவதற்குள் பதினேழாம் துண்டில் உருளைக்கிழங்கு நாலு வரிசை, மரக்குவியல் ஆறடி உயரம்.

கடிதம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதில் மிஸஸ் கிராப்ட்ரீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: "மூன்று வாரத்தில் ஆய்வு. பயன்படாத மரம் அனைத்தையும் அகற்றவும். இல்லையேல் துண்டு வரிசையில் அடுத்தவருக்குப் போகும்."

ஹேலியின் அப்பா டாரன் சுவர்ப்பூச்சு வேலை செய்கிறவர். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா நான் தொட்டியில போடறேன். நீ எடுக்கற. இதுக்கு மூணு வருஷம் யூனிவர்சிட்டி வேறயா?"

"மறுபயன்பாடுப்பா. அதைப் பத்தித்தான் ஆய்வேடே எழுதினேன்."

"எத்தனை பக்கம்?"

"எண்பது."

"அதையும் கொண்டுபோய் அந்தக் குவியல்ல வை."

ஆனாலும் மறுநாள் தன் வேனைக் கொண்டுவந்தார். பாதி மரத்தை ஏற்றிக்கொண்டு ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் போனார்கள். வாசலில் ஒளிரும் சட்டைக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"பூச்சு வேலைன்னு வண்டியில எழுதியிருக்கே? தொழில் குப்பை இங்க வாங்க மாட்டோம்."

"தொழில் குப்பையா? இது என் பொண்ணோட பொழுதுபோக்குப்பா" என்றார் டாரன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஹேலி தள்ளுவண்டியில் ஒரு நடைக்கான மரத்தை ஏற்றி வந்தாள்.

"நடந்து வர்றவங்களுக்கு அனுமதி இல்ல."

"ஏன்?"

"கார் ஏறிடும்ல? பாதுகாப்பு."

"அப்ப காருக்கு நான் எங்க போறது?"

"அது உங்க இஷ்டம் மேடம்."

மரம் முழுக்கப் பதினேழாம் துண்டுக்கே திரும்பியது. இறக்கும்போது டாரன் வேனிலேயே கிடந்த தன்னுடைய உடைந்த பலகைகள் சிலவற்றையும் கூடவே இறக்கிவிட்டுப் போனார் என்பது ஹேலிக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

"நீதான் மறுபயன்பாடுன்ன" என்றார் தொலைபேசியில்.

அதனால்தான் பீச் க்ரோவ். இரண்டாவது சனிக்கிழமையும் வண்டி நிறைய மரத்தோடு போனாள். இந்தத் தடவை ஒளிவுமறைவு கிடையாது, மனுஷரைப் பார்த்தால் நேராகச் சொல்லிவிடுவது: ஐயா, இது என் குப்பை, உங்கள் தொட்டியில் கொஞ்சம் இடம் கொடுங்கள். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.

அவர் தொட்டியோரத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய குழந்தை வண்டி, அதற்குள் குழந்தைக்குப் பதில் கண்ணாடி போட்ட நாலைந்து ஜன்னல் சட்டம். ஹேலியைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா! உனக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கேன்."

"இல்லைங்க, நான் இன்னைக்கு வந்தது..."

"தெரியும், தெரியும். உன்னைப் பார்த்தாலே தெரியுது. கஷ்டப்பட்டு வேலை செய்யற பொண்ணு."

அங்கேதான் எல்லாம் கெட்டது. 'கஷ்டப்பட்டு' என்ற சொல்லைப் பீச் க்ரோவ்காரர் வாயால் கேட்டதும் ஹேலிக்குள் இருந்த மொத்த ஆக்ராய்ட் வம்சமும் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. ஆக, இவருடைய கண்ணுக்கு நான் ஏழை! ஏழைக்கு இவர் ஜன்னல் சட்டம் தானம் செய்கிறார்! எட்டுப் படுக்கையறை வீட்டை வைத்துக்கொண்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதை உடைத்துப் பார்க்கும் கூட்டம்! டை கட்டிக்கொண்டு குப்பை கொட்டும் கூட்டம்!

இப்படிப்பட்டவரிடம், நான் என் குப்பையை உங்கள் தொட்டியில் போட வந்தேன் என்று எப்படிச் சொல்வது? எடுக்க வந்தவள் ஏழை. போட வந்தவள் திருடி. ஏழையாகவே இருந்துவிடலாம்.

"எல்லாத்தையும் குடுங்க" என்றாள் விறைப்பாக.

"நிஜமாவா?"

"இன்னும் இருந்தாலும் எடுத்துக்கறேன்."

அவர் கண்ணில் நீர் கோத்தது. ஏழைக்கு உதவிய பெருமை என்று நினைத்து ஹேலி பல்லைக் கடித்தாள். கொண்டுபோன சுமையோடு ஜன்னல் சட்டங்களையும் சுமந்துகொண்டு, வழியில் இரண்டு இடத்தில் சரிந்ததை மறுபடி அடுக்கி, தோட்டம் போய்ச் சேர்ந்தாள். மரம் இப்போது ஆறரை அடி.

அன்று ராத்திரி முழுக்கச் சங்க விதிப்புத்தகத்தைப் படித்தாள். ஒன்பதாம் விதி கண்ணில் பட்டது: 'பயன்பாட்டில் உள்ள மரம் குப்பையாகக் கருதப்படாது.'

பயன்பாடு! எண்பது பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி போதாதா?

வேலையிலிருந்து வந்ததும் தினமும் இருட்டுகிறவரை அறுத்தாள், அடித்தாள். தரைப்பலகைகள் மேட்டுப் பாத்திகள் ஆயின. அலமாரித் தட்டுகள் உரத்தொட்டி ஆயின. ஜன்னல் சட்டங்களைச் சாய்த்து நாற்றுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அப்பாவின் உடைந்த பலகைகள் நடைபாதை. மிச்சத்தில் ஒரு கொட்டகை, விதி அனுமதித்த எட்டடிக்கு ஆறடி. அதற்கு அந்த நீலக்கதவு. ஹேலியிடம் பூனை கிடையாது. ஆனாலும் ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. சுத்தியலால் இடது கட்டைவிரலை அடித்துக்கொண்டது நான்கு முறை. ஐந்தாவது முறை ஒரு மாறுதலுக்கு வலது கட்டைவிரல்.

ஆய்வுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, கொட்டகைக் கூரைக்கு ஒரு பலகை குறைந்தது. ஒரே ஒரு பலகை.

அத்தனை மரத்தையும் தொலைக்க மூன்று வாரமாக அலைந்தவள், ஒரு பலகைக்காகப் பீச் க்ரோவுக்கு ஓடினாள். நல்லவேளை, அவர் இருந்தார்.

"ஆறடிப் பலகை ஒண்ணு வேணுங்க. அவசரம்."

"ஆறடியா? இருக்கே! இங்கயே இரு கண்ணு, அஞ்சு நிமிஷத்துல கொண்டாறேன்."

பெரிய வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனை திரும்பிப் போனார். இருபது நிமிஷம் கழித்து, மூச்சிரைக்க, தோளில் பலகையோடு வந்தார். இவர்களுக்கு வீட்டுக்குப் பின்வாசல்கூட அடுத்த தெருவில் இருக்கும்போல என்று ஹேலி மனதுக்குள் கறுவினாள்.

"இதான் கடைசி. உன்னால என் பாரமே இறங்கிடுச்சு. உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா ஊர் நல்லாயிருக்கும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மிஸஸ் கிராப்ட்ரீ வந்தார். கையில் அட்டை, அதில் படிவம், கழுத்தில் பேனா. பின்னாலேயே துணைச் செயலாளர் லென், கன்னத்தில் ஒதுக்கிய புதினா மிட்டாயோடு. லென் எந்த ஆய்விலும் வாயைத் திறந்ததாக வரலாறு இல்லை.

மிஸஸ் கிராப்ட்ரீ மேட்டுப் பாத்தியைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. உரத்தொட்டியை முகர்ந்து பார்த்தார். கொட்டகையை நாடா வைத்து அளந்தார். எட்டுக்கு ஆறு. ஓர் அங்குலம்கூட அதிகமில்லாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"குவியல் எங்கம்மா?"

"எல்லாம் பயன்பாட்டுல இருக்குங்க. ஒன்பதாம் விதி."

மிஸஸ் கிராப்ட்ரீ அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பல் பிடுங்கக் கொடுப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, படிவத்தில் டிக் அடித்தார்.

"துண்டு உனக்குத்தான். நல்லாத்தான் பண்ணியிருக்க."

அத்தோடு ஹேலி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் மூன்று வாரக் கோபம் விடவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. பீச் க்ரோவ் பணக்காரங்க தூக்கிப் போடறாங்க, எங்க அப்பா மாதிரி ஆளுங்க சுமக்கறாங்க. அங்க ஒருத்தர், டை கட்டின பெரிய மனுஷர், மாளிகையை உடைச்சு உடைச்சு எனக்குப் பிச்சை போட்டாரு. ஜன்னல், அலமாரி, இந்தக் கதவு, எல்லாம் அவங்க திமிர்ல வீணாக்கினது. அதையெல்லாம் எங்கயோ போகவிடாம உருப்படியா இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தது நான்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே கை தட்ட வேண்டும்போல இருந்தது.

லென் குனிந்தார். பூனை ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து, மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார்.

"உனக்கு முன்னாடி இங்க இதே கதவை வெச்சிருந்த க்ளிஃபர்டுக்கு ஏதும்மா மாளிகை, பஸ் டெப்போ பின்னாடி ஒத்தை ரூம்ல இருக்கான், இந்தப் பதினேழுல இதே மரத்தைச் சேர்த்து வெச்சான்னுதான் போன வருஷம் அவனை நாங்க அனுப்பினோம், தூக்கிட்டுப் போனதை இன்னைக்கு வரைக்கும் ஊரார் தொட்டியில திருட்டுத்தனமா போடறதுக்குப் படாத பாடு பட்டுட்டிருந்தான்."