அடைக்கலம் எழுதிக் கொடுத்த வேங்கை மரங்கள்

ஒரு காட்டில், முயல்கூட டோக்கன் வாங்கி வரிசையில் நின்று தண்ணீர் குடித்த காலத்தில், அடைக்கலம் என்றொரு கிழக்கரடி இருந்தது. ஆற்றோரத்து வேங்கை மரங்கள் எல்லாம் அதற்குச் சொந்தம். கிளைக்குக் கிளை தேனடை. பெண்டாட்டிக் கரடி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மகன் செங்கோடன் அடுத்த மலையில், மகள் பவளக்கொடி அதற்கும் அடுத்த மலையில். இரண்டும் பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காது. பேச்சுத் துணையில்லாமல் அடைக்கலம் கரையான்களோடு பேசிக்கொண்டிருந்தது. பேசி முடித்ததும் தின்றுவிடும் என்பதால் அந்த நட்பும் நீடிக்கவில்லை.

அப்போதுதான் சிங்க ராஜா சாவு வரி போட்டது. செத்த மிருகத்தின் சொத்தில் பாதி அரண்மனைக்கு. தண்டோரா ஓய்வதற்குள் பிள்ளைகள் இரண்டும் வந்து நின்றன.

"அப்பா, எப்படி இருக்கீங்க?" என்றது மகள்.

"இருக்கேம்மா."

"அதான், எவ்வளவு நாளைக்கு?" என்றது மகன்.

மூன்றும் சேர்ந்து ஆடிட்டரிடம் போயின. ஆடிட்டர் நரிதான். ஊரை ஏமாற்றிக் கெட்ட பெயர் எடுத்த சாதி, அதே வேலைக்குப் பட்டம் வாங்கி மரியாதையாகிவிட்டது.

"ஐயா உசுரோட இருக்கும்போதே மரங்களைப் பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்துடணும்" என்றது நரி. "அப்புறம் ஏழு மழைக்காலம் தாண்டிட்டா வரியே கிடையாது. நடுவுல மண்டையைப் போட்டா பாதி போச்சு. இன்னொண்ணு, குடுத்த மரத்துல ஐயா ஒரு நக்கு நக்கினாலும் குடுத்தது செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து."

மகள் அந்த நொடியே அப்பாவின் வாயைப் பொத்தியது.

அடைக்கலம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது. காடே தலையில் அடித்துக்கொண்டது. கிழம் இனி நடுத்தெருவில்தான் என்றது குரங்கு. நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், பழைய கதைகளைப் படித்துக் கெட்டுப்போனவர்கள் அல்லவா.

நடந்தது வேறு. அப்பா செத்தால் பாதி சொத்து போய்விடுமே! பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் குகைக்கே குடிவந்தன. காலையில் நடைப்பயிற்சி, பிறகு கஷாயம். அப்பா தும்மினால் மகளுக்குத் தூக்கம் போயிற்று. இருமினால் மகன் யானை வைத்தியரைக் கையோடு அழைத்து வந்தது. தேன் இல்லாதது அடைக்கலத்துக்கு வருத்தம்தான். ஆனால் மாலையில் ஒரு பக்கம் மகன் உண்ணி பொறுக்க, மறுபக்கம் மகள் ஊர்க்கதை பேச, கிழத்துக்குக் கண் கலங்கிவிடும். இவ்வளவு சந்தோஷமாக அது என்றைக்குமே இருந்ததில்லை.

ஏழாவது மழையும் வந்தது. பிள்ளைகள் மூட்டை கட்டத் தொடங்கின.

"மழை விட்டதும் கிளம்பறோம்பா. அங்க போட்டது போட்டபடி கிடக்கு" என்றது மகன்.

அடைக்கலம் மூட்டைகளை எண்ணிப் பார்த்தது. மறுபடியும் தனியாக இருப்பதற்குச் செத்தே போகலாம். ஆனால் செத்தால் வரி.

மழையின் கடைசி நாளில் நரி சான்றிதழோடு வந்தது. ஆற்றோரத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று எழுந்த அடைக்கலம், விறுவிறுவென்று வேங்கை மரத்தில் ஏறியது. எல்லோர் கண்ணெதிரிலும் நாக்கை நீட்டி, நிதானமாக, தேனடையில் ஒரு நக்கு நக்கியது.

"ஐயோ, அப்பா!"

"வயசாயிடுச்சில்ல, மறந்துட்டேன்" என்றது கிழம்.

நரி சான்றிதழைக் கிழித்துப் போட்டது. மகன் பல்லைக் கடித்துக்கொண்டு கஷாயம் காய்ச்சப் போனது. "பார்த்து இறங்குங்கப்பா, விழுந்து தொலைச்சிடாதீங்க!" என்று மகள் மரத்தடியில் இரண்டு கையையும் ஏந்தி நின்றது.

அதற்கடுத்த ஏழாவது மழையிலும் கிழத்துக்கு அதே ஞாபக மறதி வந்தது. அதற்குள் செங்கோடனுக்கே முழங்கால் வலி. அதன் குட்டிகள் வளர்ந்து ஏதோ தூரத்து மலைக்குப் போய்விட்டன, போன்கூடச் செய்வதில்லை. ஒருநாள் அது யாருக்கும் தெரியாமல் நரியிடம் போனது.

"ஆடிட்டர் சார், என் சொத்தையும் பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

"வரியை மிச்சம் பண்ணவா?"

"வரி கிடக்குது சார். எந்த மரத்துல நக்கினா குடுத்தது செல்லாதுன்னு மட்டும் சொல்லுங்க."

நீதி: பெற்றவர்கள் நூறாண்டு வாழவேண்டும் என்று பிள்ளைகள் மனதார வேண்டிக்கொள்ள, அரசாங்கம்தான் ஒரு சாவு வரி போட வேண்டும்.