கரிசலுக்குப் புளிப்பேற்றிய படலம்

அமில மண் மீட்புத் திட்டம் மலைநாட்டுக்காகத் தீட்டப்பட்டது. எந்த மேஜையில் வழி தவறியதோ, கோவில்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தது. வந்த திட்டத்தைத் திருப்பி அனுப்புவது அலுவலக மரபு அல்ல. எனவே முந்நூறு ஏக்கர் அமில மண் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. கரிசலில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புச் சுக்கான்கல் உருண்டை உருண்டையாக வரும் என்பது ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். கோப்புக்குத் தெரியாது.

சுடலைமணிக்கு வேண்டியது உளுந்து விதை. நாலு ஏக்கர் புஞ்சையும் உழுது கிடந்தது. மேகம் கட்டிக்கொண்டிருந்தது. முதல் மழையை விட்டால் மானாவாரிக்காரனுக்கு அந்த வருஷம் அவ்வளவுதான். கடை விதையோ யானை விலை. மண்ணைச் சோதித்து இலவசமாக விதை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மண்ணை ஒரு பையில் கட்டிக்கொண்டு வேளாண் அலுவலகம் போனார்.

அதிகாரி பூவனநாதன் மண்ணைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பி.ஹெச். எட்டரை காட்டுது அண்ணாச்சி. ஆறுக்குக் கீழ இருந்தாத்தான் அமில மண்ணு. அதுக்குத்தான் இலவசம். வேற திட்டம் இந்த வருஷம் வரலை."

"நல்லா வெளையுத மண்ணு சார்."

"எப்படி நல்ல மண்ணு? மண்ணு புளிச்சாத்தான் கல்லு கரையும். கல்லு கரைஞ்சாத்தான் உள்ள இருக்க சத்து வெளிய வரும். உங்க புஞ்சையில கல்லு கல்லாவே கிடக்கு. மண்ணு வேலையே செய்யலைன்னு அர்த்தம்."

இதை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாரே என்று சுடலைமணிக்குச் சிரிப்பு வந்தது. விதையை நினைத்து அடக்கிக்கொண்டார்.

வீட்டில் புளியைக் கரைத்துப் பையிலிருந்த மண்ணில் ஊற்றினார். மண் கொஞ்சம் நுரைத்தது. அலுவலகத்தில் மறுபடியும் எட்டரைதான். ஒரு கூடை எலுமிச்சையைப் பிழிந்தார். அதையும் மண் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

"கல்லு இருக்கமட்டும் அதுவே புளிப்பைத் தின்னுரும் போல," என்றாள் மனைவி முத்துச்செல்வி. "நல்ல மண்ணை ஏன் இந்தப் பாடு படுத்துதீங்க?"

"ஏட்டி, விதை வேணும்லா?"

கடைசியில் ஹுமாயூன் கடையில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் வாங்கிவந்து ஊற்றினார். மண் பொங்கு பொங்கென்று பொங்கி, கல் அத்தனையும் கரைந்து அடங்கியது. இந்த முறை ஐந்து! பூவனநாதன் எழுந்து நின்று கைகொடுத்தார். செய்தி பரவியது. இரண்டே நாளில் ஹுமாயூன் கடையில் ஆசிட் தீர்ந்தது. இலக்கும் எட்டப்பட்டது.

வழங்கும் விழாவன்று தூறல் போட்டது. லாரியிலிருந்து பச்சைப் பசேலென்று கன்றுகள் இறங்கின.

"இது என்ன சார்?"

"தேயிலை."

"உளுந்து?"

"அஞ்சு காட்டுத மண்ணுல உளுந்து எங்க வரும்? அமில மண்ணுக்குத் தேயிலைன்னு ஆணையிலேயே இருக்கு. மண்ணைக் கொண்டாந்தது நீங்கதானே?"

மழை வலுத்தது. உழுத புஞ்சை விதையில்லாமல் நனைவதைச் சுடலைமணி நினைத்துப் பார்த்தார். மானம் போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்துப் புஞ்சைக்காரர் தங்கசாமி முன்னால் பாய்ந்தார்.

"சுடலைக்கு இருநூறு கன்னு, எனக்கு நூத்தம்பதா? அவனை விட நான் ரெண்டு பாட்டில் ஆசிட் கூடுதலா ஊத்தியிருக்கேன் சார்!"

பூவனநாதன் அதைக் காதில் வாங்காமல் ஐம்பது கன்று கூடுதலாக எழுதிக்கொடுத்தார்.

சுடலைமணி திறந்த வாயை மூடிக்கொண்டு தன் கன்றுகளை எண்ணினார். நாலு குறைந்தது. அந்த நாலைக் கேட்க அவரும் போய் வரிசையில் நின்றார்.