மலைக்கோட்டை வலது கைப் பக்கம்

காவிரிக்கு வடக்கே, எங்கள் ‘திசைகாட்டி’ அண்ணனைப் போல அவ்வளவு தைரியமாக வழி தவறக்கூடிய மனிதர் கிடையாது. அவரை நம்பிப் பின்னால் போகிற அளவுக்கு விவரம் கெட்டவனும் என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது.

பெரம்பலூரில் எங்கள் ஆபீஸில் பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். குன்னத்துக்காரர், ஐம்பது தாண்டிய தனிக்கட்டை. யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் கேட்காமலே வழி சொல்வதால் ‘திசைகாட்டி’ என்று பெயர்.

எனக்கு உறையூரில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. வயது முப்பத்தாறு. அதற்குள் ஏழு வீட்டில் கேசரி சாப்பிட்டும் ஒன்றும் அமையவில்லை. அப்பா அம்மா இல்லாததால், பெரியவர் யாராவது கூட வரட்டும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"நான் வரேன் தம்பி. திருச்சி நமக்கு அத்துப்படி" என்றார் திசைகாட்டி.

பத்து மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வழி பார்க்கப் போனை எடுத்தேன்.

"அத உள்ள வைங்க. காவேரி முதுகுப் பக்கம், மலைக்கோட்டை வலது கைப் பக்கம். இப்புடியே நடந்தா உறையூரு. நடந்தாத்தான் ஊரு தெரியும்."

பதினொரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தெப்பக்குளம், வடக்கு ஆண்டார் வீதி, கீழ ஆண்டார் வீதி, சின்னக்கடை வீதி என்று நடந்தோம். தெருவுக்கு ஒரு கதை சொன்னார். புது ஷூ கடித்ததில் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மறுபடியும் தெப்பக்குளம் வந்தது.

"திருச்சியில எத்தன தெப்பக்குளம்ணே?" என்று கேட்டேன். நான் பட்டதாரி.

"ஊரு பெருசுல்ல" என்றார்.

மூன்றாவது சுற்றில் ஒரு பூக்காரம்மா, "கிரிவலமா தம்பி? செருப்பக் கழட்டிட்டுல்ல சுத்தணும்" என்றார். மலையை வலது பக்கமே வைத்து நடந்தால் மலையைத்தான் சுற்ற முடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. கேசரி ஆறிப்போயிருந்தது.

"நேரத்துக்கு வரத் தெரியாதவருக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?" என்றார் பெண்ணின் அப்பா.

எட்டாவது வீடும் போயிற்று என்று எழுந்தேன். திசைகாட்டி அசையவில்லை.

"தப்பு என்னோடதுங்க. போனப் பாத்துப் போவோம்னாரு, நாந்தான் கேக்கல. மூணு சுத்து சுத்த வச்சுட்டேன். ஒரு வார்த்த திட்டலிங்க. இந்தக் காலத்துல யாருங்க இப்புடி இருக்கா?"

திட்டுவதற்கு எனக்கு மூச்சே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. உள்ளே பெண் சிரிப்பது கேட்டது. அவள் அப்பாவின் முகமும் கொஞ்சம் இளகியது.

"உக்காருங்க" என்றவர், திசைகாட்டியைப் பார்த்து, "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

திசைகாட்டி விழித்தார். "நான் வந்து... ஆபீஸ்ல..." என்று இழுத்தார்.

"எங்க பெரியப்பாங்க" என்றேன். வாயில் வந்த பிறகுதான் தெரிந்தது, பல வருடமாகவே அவர் எனக்கு அப்படித்தான் என்று.