மூடிய கையும் நின்ற பன்னிரண்டு மெஷினும்

சிவன்மலை ஆண்டவர் துணை
திருப்பூர், 9-7-1966

கோயமுத்தூரில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை டாக்டர் சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு, மாமனார் பொங்கியண்ணன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை மயிலாளும் சுகம். இந்தச் சுகத்தில் உங்கள் வைத்தியத்துக்குப் பங்கில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

போன மாதம் பதினைந்தாம் தேதி என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ரத்தக் கொதிப்பு நூற்று நாற்பத்தாறு என்றீர்கள். கொஞ்சம்தான் அதிகம், மாத்திரை வேண்டாம், மூச்சையும் தசையையும் தளர்த்தினால் போதும் என்று ஒரு தாள் கொடுத்தீர்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால் முதலாளிக்கு எழுதி, என்னைப் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டிலிருந்து எடுத்து, பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் உட்காரவைப்பதாகவும் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த ஷெட்டில் மேஸ்திரியாக நின்றவன் லேபிள் ஒட்ட மாட்டான். அதனால்தான் தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தேன்.

முதலில் மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வீட்டில் கட்டிலில் படுத்துச் செய்தேன். மயிலாள் வந்து, "ஏனுங்க, இழுப்புங்களா?" என்று கேட்க, எண்ணிக்கை தவறக்கூடாதென்று நான் பேசாமலிருக்க, அவள் பக்கத்து ஊட்டு காத்தூன் பீவியைக் கூப்பிட, அந்தம்மா கஷாயத்தோடு ஓடிவர, ஆறு எண்ணி விட வேண்டிய மூச்சு ஒன்றரையில் போயிற்று. ஆகவே பயிற்சியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஷெட்டில் பேச்சு காதில் விழாது. எல்லாம் கை ஜாடைதான். மேஸ்திரி கையைத் தூக்கி மூடினால் மெஷினை நிறுத்து, விரித்தால் ஓட்டு. உங்கள் தாளில் என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, இறுக்கி மூடிப் பத்து எண்ணி மெல்ல விரிக்கவும், பத்து தடவை. கையை மூடினேன், சத்தம் அடங்கியது. அடடா, மனசு அடங்குகிறது என்று நினைத்தேன். விரித்ததும் இரைச்சல் திரும்பியது. இன்னும் பழக வேண்டும் போல என்று நினைத்தேன். ஏழாவது தடவை கண்ணைத் திறந்தால் பன்னிரண்டு மெஷினும் நிற்கிறது, எதிரே முதலாளி சேக் தாவூது.

"மேஸ்திரி, சங்கத்துல சேர்ந்துட்டீங்களா?"

"இல்லீங்க, டாக்டர் மாப்பிள்ளை சொன்னதுங்க."

"அவரு என் கம்பெனிய நிறுத்தச் சொன்னாராக்கும்?"

நிறுத்தின ஒவ்வொரு தடவைக்கும் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். ஏழு கோடு விழுந்திருந்தது.

கைதானே வம்பு என்று மறுநாள் முகத்துக்குப் போனேன். பல்லைக் கடித்து, நெற்றியைச் சுருக்கிப் பத்து எண்ண வேண்டும். மூன்று எண்ணும்போதே எதிர் மெஷின் வெள்ளியங்கிரி ஓடிவந்து என் காதில், "நாந்தானுங்க சாமி. ஒடஞ்ச ஊசியோட நேத்துலருந்து ஓட்டீட்டு இருக்கறனுங்க" என்றான். ஒரு நாள் துணி பூராவும் ஓட்டை. அப்புறம் என் நெற்றி எங்கே தளர்வது? ஊசி ஒடிந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன் நான். இது தப்பியதற்குக் காரணம், அப்போது மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததுதான்.

ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். தாளைக் கிழித்து நூல் கழிவோடு போட்டாயிற்று. பதினைந்தாம் தேதி அளக்க வர மாட்டேன். முதலாளிக்கு எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஷெட்டை விட்டு நான் நகர்வதாக இல்லை.

எங்கள் மகள் மருதம்மாள் கண்ணுவையும் உங்களையும் சிவன்மலையான் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
பொங்கியண்ணன்

பி.கு.: தாளைக் கிழித்தது நிஜம். மனப்பாடமான பிறகுதான் கிழித்தேன். இதை எழுதும்போதும் இடது கை மேஜைக்கு அடியில் மூடித் திறந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்று இங்கேயே ஒரு டாக்டரிடம் அளந்தேன், நூற்று முப்பத்திரண்டு. ஆகவே பதினைந்தாம் தேதி வருகிறேன், முதலாளிக்கு எழுத வேண்டாம். காலுக்கும் பயிற்சி உண்டாமே, அந்தத் தாளை எடுத்து வைக்கவும். எங்கள் ஷெட்டில் காலுக்கு எந்த ஜாடையும் கிடையாது. எல்லாரிடமும் விசாரித்துவிட்டேன்.